ஜமீனும் அம்மணியும்

மாப்பிள்ளை வீட்டார் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த நேரத்தில் தணிகைமலையின் மனம் அம்மணியின் வயிற்றில் இருந்தது. காலையில் பார்த்தபோது அது நன்றாகப் பருத்திருந்தது, வெளிச்சத்துக்கு எதிரே திரும்பினால் உள்ளே முட்டை மஞ்சளாகத் தெரிந்தது. வாங்க வாங்க என்று கை கூப்பினார், ஃபேனுக்குக் கீழ உட்காருங்க என்றார், எல்லாவற்றையும் வாய் தானாகச் செய்தது. அம்மணி என்றால் மீன். ஃபைட்டர் மீன், அதில் பெட்டை, சுண்டுவிரல் அளவுதான், பார்க்க ஒரு லட்சணமும் கிடையாது, பழுப்பும் நீலமுமாக நனைந்த தீக்குச்சி போல இருக்கும். லட்சணமெல்லாம் ஜமீனுக்கு. ஜமீன் ஆண், கருநீல உடம்பு, ஓரமெல்லாம் குங்குமச் சிவப்பு, வாலையும் துடுப்பையும் விரித்தால் தொட்டியே நிறைந்துபோகும், புரளும் வேட்டியை இழுத்துக்கொண்டு தோட்டத்தைச் சுற்றிவரும் பெரிய மனுஷனைப் போல ஒரு மிதப்பு, அதனால்தான் மகள் நித்திலா அப்படிப் பேர் வைத்தாள். ஜமீனின் அப்பன், அவனுடைய அப்பன், அதற்கும் முந்தியவன் எல்லாருமே இதே வில்லிவாக்கம் அடுக்ககத்தின் இரண்டாம் மாடிப் பின்பக்க பால்கனியில் பிறந்தவர்கள். நித்திலா இரட்டைச் சடை போட்டுப் பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து அப்பாவும் மகளும் சேர்ந்து வளர்த்த வம்சம். கொடுத்தது போக, மழைக்காலத்தில் செத்தது போக, இப்போது மிச்சம் ஜமீன் ஒருத்தன்தான். அவனுக்கும் வயதாகிவிட்டது, முதுகு லேசாகக் கூனிவிட்டது, காலையில் போட்ட கொசுப்புழுவைக்கூட யோசித்து யோசித்துத் தின்கிறான். இந்தத் தடவை குஞ்சு பொரித்தால் உண்டு, இல்லாவிட்டால் வம்சம் இதோடு சரி. அப்படிப்பட்டவன் வியாழக்கிழமையிலிருந்து கூடு கட்டுகிறான், மேலே வந்து ஒரு வாய் காற்று, போய் ஒரு குமிழி, மறுபடி ஒரு வாய் காற்று, மிதக்கவிட்ட தெர்மாகோல் துண்டுக்கு அடியில் நுரை பொங்கின மாவாகத் தடித்து நிற்கிறது. அதைப் பார்த்த பிறகு எந்த மனுஷனுக்குச் சோறு இறங்கும்? தணிகைமலைக்கு இறங்கவில்லை. மூன்று நாளாக டைல்ஸ் கடையில் வந்தவர்களிடம் குளியலறைக் கல்லைக் காட்டும்போதுகூட அவருக்கு உள்ளே குறுகுறுவென்றே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள் என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் நுரை பஞ்சாங்கம் பார்த்துத் தடிக்காதே.

ஒன்பது பேர் வந்துவிட்டார்கள், நாலு பேர் என்று சொல்லியிருந்தார்கள். தணிகைமலை சோபாவின் ஓரத்தில், மாப்பிள்ளையின் அப்பாவுக்கும் சுவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டார். எழுந்து போக வேண்டுமென்றால் நாலு ஜோடி முழங்காலைத் தாண்டி, சமையலறையைக் கடந்து, அதற்கப்புறம்தான் பால்கனி. மனைவி சுலோச்சனா காலையிலேயே சொல்லிவிட்டாள், "ஏங்க, இன்னிக்கு ஒரு நாளாச்சும் அந்தத் தொட்டிப் பக்கம் போகாம மனுஷனா உட்காருங்க. கையில மீன் வாடையோட அவங்களுக்குக் கை குடுக்காதீங்க." போகவேண்டிய அவசியமும் இல்லை என்று அவர் தனக்கே சொல்லிக்கொண்டார். அம்மணி பத்திரமாக இருக்கிறாள். கண்ணாடித் தம்ளருக்குள் இருக்கிறாள், தம்ளர் தொட்டிக்குள் இருக்கிறது, விளிம்பு தண்ணீருக்கு மேலே. அவள் அவனைப் பார்க்கலாம், அவன் அவளைப் பார்க்கலாம், தொட முடியாது. ஒரு முழு நாள் அப்படி இருந்தால்தான் இரண்டுக்கும் மனம் பழகும். பெட்டையின் உடம்பில் தலையிலிருந்து வால்வரை நீளமாகக் கோடு ஓடினால் பயந்திருக்கிறாள் என்று அர்த்தம், கோடு மேலும் கீழுமாக நேராக நின்றால் சம்மதம். சம்மதம் வராமல் திறந்துவிட்டால் ஆண் கடித்துக் குதறிவிடுவான், இந்த ஜாதிக்கு ஃபைட்டர் என்று சும்மாவா பேர் வைத்தார்கள். போன வருஷம் ஒரு சிவப்புப் பெட்டையை மத்தியானம் போட்டு சாயங்காலமே விட்டார், கோடு நேராகத்தான் நிற்கிறது என்று கண்ணாடி போடாமல் பார்த்துவிட்டு விட்டார், காபி குடித்துவிட்டு வருவதற்குள் அதற்கு வாலே இல்லை, அடியில் கல்லோடு கல்லாகக் கிடந்தது. நித்திலா அதை ஒரு காகிதத்தில் எடுத்துக்கொண்டுபோய்ச் செம்பருத்தித் தொட்டியில் புதைத்தாள். அதனால்தான் இந்தத் தடவை நாளைக்குக் காலையில், விடிந்ததும், கண்ணாடி போட்டுக்கொண்டு, முதலில் ஒளிய இடமாக வேலம்பாசி ஒரு கொத்துப் போட்டு, அதற்கப்புறம்தான் தம்ளரைச் சாய்ப்பது. அவசரமே கிடையாது. "எங்க ஏரியால ரோட்டத் தோண்டிப் போட்டுட்டான் சார்," என்றார் மாப்பிள்ளையின் அப்பா, "மெட்ரோங்கிறான், தண்ணி பைப்புங்கிறான், மழை வந்தா ரோடா குளமான்னே தெரியாது." ஆமா சார், என்றார் தணிகைமலை, குளம் என்ற சொல்லைக் கேட்டதும் தண்ணீர் சூடு குறைந்திருக்குமோ என்று ஓர் எண்ணம் ஓடியது, வெயில் இந்நேரம் பக்கத்து வீட்டுச் சுவரைத் தாண்டியிருக்கும்.

பையனைப் பார், பையனைப் பார் என்று தன்னையே அதட்டிக்கொண்டார். இது உன் மகளின் வாழ்க்கையப்பா. பார்த்தார். பரணிதரன், ஒல்லி, கைமுட்டியைத் தொடைமேல் வைத்துப் பரீட்சைக்கு வந்தவனாக உட்கார்ந்திருந்தான், சட்டையை இன்றைக்குத்தான் பிரித்திருக்கிறான், மடிப்பு அப்படியே இருந்தது. ஓசூரில் வேலை. ஓசூர். அந்த இடத்துக்கு வந்ததும் தணிகைமலையின் யோசனை முள்ளில் மாட்டின துணியாக நின்றது. ஓசூருக்கு ரயிலில் போகலாம், பஸ்ஸிலும் போகலாம், தூரம் ஒன்றும் பிரமாதம் இல்லை, ஆனால் சாயங்காலம் வேலை விட்டு வந்து பையைக்கூட வைக்காமல் நேரே பால்கனிக்குப் போய், அப்பா, இன்னிக்கு ஜமீன் சாப்டானா என்று கேட்பதற்கு ஓசூரிலிருந்து வர முடியாது. அதை மேலே யோசிக்க அவருக்குத் தெம்பில்லை. எனவே ஜமீனிடம் போனார். ஜமீன் இந்நேரம் தம்ளரைச் சுற்றிச் சுற்றி வருவான், செவுளை விரித்து, வாலை உதறி, ஒரு ஆட்டம், ஓடிப்போய்க் கூட்டில் ஒரு குமிழி, மறுபடி ஓடிவந்து ஓர் ஆட்டம். வயசாகிவிட்டது என்று யார் சொன்னது? அவருக்கு நெஞ்சு படபடவென்று அடித்தது. இந்தப் படபடப்பு மீனுக்காகவா மகளுக்காகவா என்று அவருக்கே பிடிபடவில்லை, இரண்டும் ஒரே பாத்திரத்தில் விழுந்து கலந்துவிட்டது, இனி பிரித்தெடுக்க ஆகாது. சுலோச்சனாவைக் கேட்டால் மீனுக்காகத்தான் என்று அடித்துச் சொல்வாள். நித்திலா வந்தாள். மயில் கழுத்து நிறப் பட்டு, அதில் சிவப்புக் கரை. எந்தக் கடையில் எடுத்தாலும் இந்த நிறத்தைத்தான் எடுக்கிறாள், ஏன் என்று அவருக்குத் தெரியும், வந்தவர்களுக்குத் தெரியாது. ரோஸ் மில்க் தட்டை நீட்டிக்கொண்டே போனாள், குனிந்த தலை நிமிராத பாவனையெல்லாம் இல்லை, எல்லாரையும் பார்த்துத்தான் கொடுத்தாள். அப்பாவிடம் வரும்போது அவள் கண்ணில் ஒரு சிரிப்பு ஓடியதா? ஓடியது. எதற்கு? அதை யோசிக்க ஆரம்பித்தபோதுதான் மாப்பிள்ளையின் அம்மா, "கிளாஸ் நல்லா கனமா இருக்கே, இந்த மாதிரி இப்பல்லாம் வர்றதில்ல," என்றார்.

தணிகைமலை நிமிர்ந்தார். அந்த அம்மாள் ரோஸ் மில்க் குடித்துக்கொண்டிருந்தார். தடித்த அடி, அகன்ற வாய், பக்கத்தில் பாதி அழிந்துபோன எழுத்து, எறிபந்துப் போட்டியில் ஜெயித்ததற்கு நித்திலாவுக்குக் கல்லூரியில் கொடுத்த தம்ளர். இந்த வீட்டில் அந்த மாதிரித் தம்ளர் ஒன்றே ஒன்றுதான். அது இருக்கவேண்டிய இடம் தொட்டி. அது அங்கே இல்லாமல் இங்கே ரோஸ் மில்க்கோடு இருக்கிறது என்றால், அம்மணி எங்கே? அவருக்கு முதுகில் சில்லென்று ஒரு கோடு இறங்கியது. யார் எடுத்தது? ஒன்பது பேர் வந்தால் தம்ளர் பத்தாது, சரி, சுலோச்சனாவா, அவள் தொட்டிப் பக்கமே போகமாட்டாள், அவள் தங்கை ரேவதியாகத்தான் இருக்கவேண்டும், சமையலறையில் ஒத்தாசைக்கு வந்தவள், மீன் தண்ணியில் இருந்தால் போதாதா, இதுவும் தண்ணி அதுவும் தண்ணி என்று கவிழ்த்துவிட்டு எடுத்திருப்பாள். பாவி. பாசிகூடப் போடவில்லையே. ஒளிய ஒரு இலை இல்லை. சாண் அளவு தண்ணீர், நாலு பக்கமும் கண்ணாடி, ஓடினால் முட்டிக்கொண்டு திரும்பி அவன் வாயிலேயே விழ வேண்டும். எப்போது எடுத்திருப்பாள்? ரோஸ் மில்க் கலக்கி, ஊற்றி, ஏலம் போட்டு, அதற்குள் போன தடவை ஒரு காபி குடிக்கும் நேரத்தில் வாலே போயிற்றே. அதைவிடக் கொடுமை, அந்த அம்மாள் உதட்டைச் சப்புக்கொட்டிக்கொண்டு குடிக்கிறார், அந்தத் தம்ளரில் காலையில் தணிகைமலை தன் கையால் மீனுக்காகப் பாதாம் இலை ஊறின தண்ணீரை மொண்டு ஊற்றியிருந்தார், பழுப்பாக, தேநீர் மாதிரி. கழுவினார்களா? கழுவியிருந்தால் சோப்பு, சோப்பு பட்ட தம்ளரை இனிமேல் தொட்டியில் வைக்க முடியாது. கழுவாவிட்டால், கழுவாவிட்டால் என்ன, அது நினைக்கிற விஷயமே இல்லை. "இருங்க, தண்ணி குடிச்சுட்டு வரேன்," என்று எழுந்தார். "நீங்க உட்காருங்க மாமா, நான் எடுத்தாரேன்," என்று ரேவதி சமையலறையிலிருந்தே குரல் கொடுத்து, சொன்னபடி கொண்டுவந்தும் விட்டாள். அவள் முகத்தில் ஏதாவது தெரிகிறதா என்று துழாவினார், பஜ்ஜி எண்ணெயின் பளபளப்பைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. "தம்ளர்..." என்று இழுத்தார். "என்ன மாமா, தம்ளர் சுத்தமாத்தான் இருக்குது," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். குடித்தார். கை கழுவப் போகிறேன் என்று இன்னொரு தடவை எழப் பார்த்தார், மாப்பிள்ளையின் அப்பா அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "அந்தக் காலத்துல எங்க கல்யாணம் எப்படி நடந்துச்சு தெரியுமா சார்," என்று ஆரம்பித்தார். சுலோச்சனா கதவோரத்திலிருந்து ஒரு பார்வை பார்த்தாள், அந்தப் பார்வைக்கு மேல் எழுந்திருக்க இந்த ஊரில் எந்தக் கணவனாலும் முடியாது.

"நாலரைக்கு ராகுகாலம் ஆரம்பிக்குது, அதுக்குள்ள பிள்ளைங்க ரெண்டும் தனியா நாலு வார்த்த பேசிக்கட்டும்," என்று மாப்பிள்ளையின் அத்தை சொன்னார். "பின்னாடி பால்கனில காத்து நல்லா வரும்," என்றாள் சுலோச்சனா, நித்திலா முன்னே போனாள், பையன் மடிப்புக் கலையாத சட்டையோடு பின்னால் போனான். பால்கனி! போங்க, சீக்கிரம் போங்க, போய்ப் பாருங்க என்று தணிகைமலை உள்ளுக்குள் கத்தினார். நித்திலா போனதும் பார்த்துவிடுவாள். பார்த்தால் போதும், பெட்டையை எடுத்து வாளியில் போட அவளுக்கு இமைக்கிற நேரம் ஆகாது. ஆனால் எடுப்பாளா? பட்டுப் புடவை, புது ஆள், முதல் முதலாகப் பேசுகிற பேச்சு, இந்த நேரத்தில் தண்ணிக்குள் கை விடுவாளா? விடக்கூடாது என்று அப்பனாக நினைத்தார், விடம்மா, விட்டு எடம்மா என்று இன்னொரு பக்கம் கெஞ்சினார். காதைத் தீட்டினார். பேச்சு கேட்டது, அவன் குரல் கொஞ்சம், அவள் குரல் கொஞ்சம், ஒரு சிரிப்பு. அப்புறம் ஒன்றுமே கேட்கவில்லை. ஹாலில் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக் கண்ணால் பேசிக்கொண்டார்கள். மாப்பிள்ளையின் அம்மா தம்ளரை டீப்பாயில் வைத்தார், அடியில் ரோஜா நிறத்தில் ஒரு வட்டம் நின்றது. "மனசு ஒத்துப்போச்சு போல," என்று அத்தை கிசுகிசுத்தார். இல்லை, மீன் செத்துப்போய்விட்டது. செத்ததை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள், அதனால்தான் பேச்சில்லை. பெண் பார்க்க வந்த இடத்தில் சாவு. அவளுக்கு அழுகை வந்திருக்கும், அழுவதைக் காட்டிக்கொள்ளாமல் நிற்பாள், அந்தப் பையன் என்ன நினைப்பான், மீனுக்கு அழுகிற பெண் என்று நினைப்பான், நினைக்கட்டுமே, மீனுக்கு அழாதவன் எதற்கு அழப்போகிறான், அப்படிப்பட்டவன் எதற்கு நம் வீட்டுக்கு? இப்படி ஒரு தைரியம் கிளம்பிவந்து, வந்த வேகத்தில் அடங்கிப்போனது. அவளுக்கு அவனைப் பிடித்திருந்தால்? தட்டை நீட்டும்போது சிரித்தாளே. அந்தச் சிரிப்பு அப்பாவுக்கா, அப்பாவுக்கு வரும் முன்னாலேயே தொடங்கி அப்பாவிடம் வந்து முடிந்த சிரிப்பா? அவனுக்குத் தட்டு நீட்டிய பிறகுதானே இவரிடம் வந்தாள். தணிகைமலை அந்த வரிசையை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தார், திரும்ப ஓட்டினார், அத்தை, அம்மா, பையன், அப்புறம் இவர். ஜமீன் தம்ளரைச் சுற்றுகிறமாதிரி அவர் அதையே சுற்றிச் சுற்றி வந்தார். இருபத்தேழு வருஷமாக அவள் எதற்குச் சிரிக்கிறாள் என்று பார்த்த உடனே தெரியும். இன்றைக்குத் தெரியவில்லை. "அதோட பாருங்க சார், எங்க மாமனார் ஒரே பிடிவாதம்," என்று பக்கத்தில் கதை போய்க்கொண்டிருந்தது.

"ஐயோ, கை வைக்காதீங்க!" என்று பால்கனியிலிருந்து நித்திலாவின் குரல் வந்தது. மாப்பிள்ளையின் அம்மா எழுந்துவிட்டார். சுலோச்சனாவின் முகம் வெளுத்தது. அடுத்த நொடியே, "அப்பா! அப்பா, சீக்கிரம் வாங்க!" என்றாள். அதற்கப்புறம் முழங்காலாவது ஒன்றாவது. தணிகைமலை டீப்பாயைச் சுற்றாமல் தாண்டினார், யார் காலையோ மிதித்தார், மன்னிப்புக் கேட்டாரா என்று நினைவில்லை, ரேவதி கரண்டியோடு ஒதுங்கினாள், சமையலறையின் வெக்கை முகத்தில் அடித்தது. அவர் மனதில் வாலில்லாத ஒரு சிவப்பு மீன் கல்லோடு கல்லாகக் கிடந்தது. பால்கனிக் கதவைத் திறந்தார்.

இரண்டு பேரும் தொட்டிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்கள். நித்திலா பட்டுப் புடவையை முழங்காலுக்கு நடுவே சுருட்டிச் செருகியிருந்தாள். பரணிதரனின் சட்டைக் கை முழங்கைவரை நனைந்து சொட்டியது. தண்ணீரில் வேலம்பாசி ஒரு கொத்து மிதந்தது, பக்கத்தில் அம்மணி ஒருக்களித்து, ஆடாமல் அசையாமல், செத்தது போலத் தொங்கிக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கீழே வெள்ளை வெள்ளையாக, ரவை உதிர்கிற மாதிரி, முட்டை இறங்கிக்கொண்டிருந்தது. ஜமீன் தலைகீழாகப் பாய்ந்து ஒவ்வொன்றாக வாயில் கவ்வினான். அந்தக் கூனல் முதுகு எங்கே போயிற்று என்று தெரியவில்லை. "நான்தாம்ப்பா விட்டேன்," என்றாள் நித்திலா, திரும்பாமல், மூச்சுவாங்கினபடி. "தம்ளர் பத்தலன்னு சித்தி கேட்டாங்க, வந்து பார்த்தேன், கோடு நேரா நின்னுது, நல்லாப் பார்த்துட்டுத்தாம்ப்பா, பாசி போட்டுட்டு விட்டேன். தம்ளர மூணு தடவ கழுவினேன். இவர் என்னடான்னா, ஜமீன் அவளச் சுத்திப் பிடிச்சு விட்டதும் அவ மயங்கி மெதந்தாளா, செத்துப்போச்சுன்னு கைய விட்டு எடுக்கப் போயிட்டார்ப்பா." சொல்லிக்கொண்டே இருந்தாள். சொல்லும்போது அவளுடைய கை அவன் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. தண்ணீருக்குள் போனதை வெளியே இழுத்த பிடி, அது அப்படியே இருந்தது. இழுத்து முடித்து எவ்வளவோ நேரம் ஆகிவிட்டது. அவள் விடவில்லை, அவனும் எடுத்துக்கொள்ளவில்லை, இரண்டு பேருக்குமே அது தெரிந்த மாதிரி இல்லை, இருவர் கண்ணும் தொட்டிக்குள் இருந்தது.

தணிகைமலை தொட்டியைப் பார்க்கத்தான் ஓடிவந்தார். பார்த்துக்கொண்டு நின்றது அந்தக் கையை. அம்மணி சிலிர்த்து எழுந்தாள், ஜமீன் அவளை மறுபடி நுரைக்கு அடியில் வளைத்துக்கொண்டான் என்பது ஓரக்கண்ணில் கருநீலமாகத் தெரிந்தது, இத்தனை மாதம் ஏங்கின காட்சி அது, இருந்தும் அவர் கண் அங்கே திரும்ப மறுத்தது. அவருக்குச் சந்தோஷம் பொங்கிக்கொண்டு வந்தது. கூடவே, போய்விட்டாள் என்றும் நினைத்தார், அவ்வளவுதான், ஓசூருக்கு டிக்கெட் எடுப்பதற்கு முன்னாலேயே போய்விட்டாள். பரணிதரன் அப்போதுதான் நிமிர்ந்து அவரைப் பார்த்தான். கண்ணெல்லாம் பதற்றம், சின்னப் பையனைப் போல விரிந்திருந்தது. "சார், அது முட்டையெல்லாம் தின்னுது சார். ஒண்ணுகூட விடாம தின்னுது. தடுக்க வேணாமா?" என்றான்.

தின்னலப்பா, வாயில் பொறுக்கிக் கூட்டில் ஒட்டுகிறான், விழுந்தால் மறுபடி எடுத்து ஒட்டுவான், குஞ்சு நீந்துகிறவரை சோறு தண்ணி இல்லாமல் காவல் நிற்பான் என்று சொல்ல அவருக்கு நாக்கு துடித்தது. இந்த உலகத்தில் அவரிடம் யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருந்த கேள்வி அது. வாயைத் திறந்தார். ஹாலிலிருந்து சுலோச்சனா, "என்னங்க ஆச்சு?" என்று கூப்பிட்டாள்.

"நீயே சொல்லும்மா," என்றார் நித்திலாவிடம், கதவைச் சாத்திக்கொண்டு ஹாலுக்குப் போனார்.